இரண்டு மாத்திரைக்கும் ஒரே பயம் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 68. ஓய்வுபெற்ற ஆசிரியை. நீண்ட நாட்களாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன் படபடப்பு என்று மருத்துவரிடம் போனேன். ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றார். எக்கோவில் வால்வுகளும் இதயத்தின் இயக்கமும் நன்றாக இருக்கின்றன. மெட்டோப்ரோலால், அபிக்ஸபான் 5 மி.கி. இரண்டு வேளை, அமியோடரோன் 200 மி.கி. ஒரு வேளை என்று எழுதித் தந்திருக்கிறார். இப்போது படபடப்பு இல்லை. ஆனால் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை மகள் படித்துக் காட்டியதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மூளையில் இரத்தக்கசிவு, நுரையீரல் பாதிப்பு, தைராய்டு கோளாறு என்று என்னென்னவோ போட்டிருக்கிறது. ஆஸ்பிரின் போதும் என்கிறாள் தங்கை. 57 கிலோ எடைக்குப் பாதி டோஸ் போதும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். அப்லேஷன் செய்துகொண்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் ஓர் உறவினர். நோயைவிட மருந்துதான் ஆபத்தோ?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, அந்தத் தாளை உங்கள் மகள் படித்தது நல்லதுதான். ஆனால் அதில் பாதிக் கணக்குதான் இருக்கிறது. மாத்திரையைச் சாப்பிட்டால் வரக்கூடிய தீங்குகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அளவுக்கு விவரமாகப் போடுவதில்லை. அந்த மறுபாதியைச் சொல்கிறேன்.

உங்கள் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. இடது மேலறையில் சிறிய பை போன்ற ஓர் இடம் உண்டு. மேலறை நடுங்கும்போது அந்தப் பையில் இரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். உறைந்த கட்டி ஒன்று நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு என்பது பழைய, உறுதியான கணக்கு. படபடப்பு நின்றுவிட்டதால் இந்த ஆபத்து போய்விடாது. உங்களுக்கே தெரியாமல் தாளம் தப்பி, தானே சரியாகிக்கொண்டிருக்கலாம்.

அபிக்ஸபான் இதற்காகத்தான். யாருக்கு இது தேவை என்று முடிவுசெய்ய மதிப்பெண் போடுகிறோம். உங்களுக்குப் பழக்கமான வேலை. 65 வயது கடந்ததற்கு 1, இரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1. ஆக, மூன்று. பெண் என்பதற்காகவே இன்னொரு மதிப்பெண் போடும் வழக்கமும் இருந்தது. 2024இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் அதை விட்டுவிட்டது. எப்படிக் கூட்டினாலும் இந்தத் தேர்வில் நீங்கள் ‘பாஸ்’. இரண்டு வாங்கினாலே உறைதடுப்பு மாத்திரை வேண்டும்.

இரத்தக்கசிவு பயம் பொய்யானதல்ல. 18,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2011இல் வெளியான பெரிய ஆய்வில், அபிக்ஸபான் சாப்பிட்ட நூறு பேரில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு பேருக்குக் கடுமையான இரத்தக்கசிவு ஏற்பட்டது. பெரும்பாலும் அது மூளையில் அல்ல. மூளைக்குள் கசிந்தவர்கள் ஆண்டுக்கு முந்நூறு பேரில் ஒருவர் என்ற அளவுதான்; பழைய உறைதடுப்பு மருந்தான வார்ஃபரினோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. வயிற்றில் கசிந்தால் பெரும்பாலும் மருத்துவமனையில் நிறுத்திவிடலாம். செயலிழந்த கையும் பேச்சும் அப்படித் திரும்பி வருவதில்லை. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மாத்திரை கொடுத்து இரத்தம் கசிந்தால் பழி மருத்துவருக்கு. கொடுக்காமல் பக்கவாதம் வந்தால் பழி தலைவிதிக்கு. இந்த மாத்திரையை எழுத மருத்துவர்களே தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் மருத்துவர் தயங்கவில்லை.

தங்கையின் ஆஸ்பிரின் யோசனையும் சோதிக்கப்பட்டதுதான். வார்ஃபரின் ஒத்துவராத ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரினும் மறுபாதிக்கு அபிக்ஸபானும் கொடுத்துப் பார்த்தார்கள். அபிக்ஸபான் தரப்பில் பக்கவாதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கடுமையான இரத்தக்கசிவில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆஸ்பிரினில் ஆபத்து ஏறக்குறைய அதே அளவு, பலன் மட்டும் சொற்பம். அதை வாங்கிவைத்திருந்தால், இதனோடு சேர்த்தும் சாப்பிட்டுவிடாதீர்கள்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அபிக்ஸபானை 2.5 மி.கி. ஆகக் குறைக்க மூன்று அளவுகோல்கள் உண்டு: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் 1.5 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல். இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். உங்களுக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது. நம் ஊரில் அறுபது கிலோவுக்குக் கீழ் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களுக்கெல்லாம் அரை டோஸ் கொடுத்தால் இரத்தக்கசிவு ஆபத்து முழுதாகக் குறையாது. பக்கவாதக் காப்பு மட்டும் குறையும். ஆனால் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் கிரியேட்டினினை அவ்வப்போது பார்த்தாக வேண்டும்.

இதே நோய்க்கு வார்ஃபரினோ அசெனோகுமரோலோ சாப்பிட்டு, இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு மாதந்தோறும் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மூட்டுக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களும் உலோக வால்வு பொருத்தியவர்களும் இந்தப் பதிலைப் படித்துவிட்டு அபிக்ஸபானுக்கு மாறக் கூடாது. அவர்களுக்குப் பழைய மருந்துதான் சரி.

இனி அமியோடரோன். இங்கே நான் உங்கள் மகள் பக்கம். தாளம் தப்பாமல் பிடித்துவைப்பதில் இதற்கு இணையான மாத்திரை இல்லை, பக்கவிளைவிலும் இல்லை. ஒரு 200 மி.கி. மாத்திரைக்குள் 75 மி.கி. அயோடின் இருக்கிறது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவையானது 0.15 மி.கி. அத்தனையும் உடலில் அவிழ்வதில்லை என்றாலும், தைராய்டு தடுமாறுவதில் வியப்பில்லை. கல்லீரல், நுரையீரல், கண், வெயில் பட்டால் தோல் என்று மற்ற இடங்களையும் தொடும். நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடலில் தங்கும். நாடியைக் குறைக்கும் மெட்டோப்ரோலாலும் சேர்வதால் நாடி அளவுக்கு மீறிக் குறையலாம். அதற்காக நாளைக்கே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எனக்கு ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை மாதத்துக்கு, தைராய்டு, கல்லீரல் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்றா?

முதல் கேள்விக்கு அவரிடம் நியாயமான பதில் இருக்கக்கூடும். இதயத்தின் அமைப்பு நன்றாக உள்ளவர்களுக்கு ஃபிளெக்கனைடு போன்ற மாத்திரைகள் உண்டு. ஆனால் மாரடைப்பு வந்தவர்களிடம் அது சாவைக் கூட்டியதை 1989இல் ஓர் ஆய்வு காட்டியது. நெடுநாள் சர்க்கரை உள்ளவருக்கு இதயக் குழாய் அடைப்பு இல்லை என்று உறுதி செய்யாமல் அதைக் கொடுக்க யாருக்கும் கை வராது. தாளத்தைச் சரிசெய்யாமல் நாடியின் வேகத்தை மட்டும் அடக்கினால் போதாதா என்றால், 2002இல் வந்த ஆய்வில் இரண்டு வழியிலும் ஆயுள் ஒன்றுதான் என்று தெரிந்தது. நோய் கண்ட ஓராண்டுக்குள் தாளத்தைச் சரிசெய்தால் பலன் உண்டு என்று 2020இல் இன்னோர் ஆய்வு சொன்னது. உங்களுக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆகவே முயல்வது சரி. எந்தக் கருவியால் என்பது பேசித் தீர்மானிக்க வேண்டியது.

அந்தக் கருவிகளில் ஒன்று அப்லேஷன். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரைகளின் வாயிலிருந்துதான் பெரும்பாலும் இந்தக் குழப்பம் கிளம்புகிறது என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். தொடை வழியாகக் கம்பி செலுத்தி அந்த வாயைச் சுற்றி மின்தடை போடுகிறார்கள். அமியோடரோனை ஆண்டுக்கணக்கில் விழுங்குவதற்கு இது நல்ல மாற்று. சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும். இதயத்தைச் சுற்றி இரத்தம் கசிவது போன்ற ஆபத்து சிறு அளவில் உண்டு. ஆனால் உறவினர் சொன்னதுபோல் மாத்திரையே வேண்டாம் என்றாகிவிடாது. அப்லேஷன் நன்றாக முடிந்தாலும் உங்கள் மூன்று மதிப்பெண் அப்படியேதான் இருக்கும். அபிக்ஸபானைத் தொடரச் சொல்வார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று எனக்கு உறுத்துகிறது. 68 வயதில் முழங்கால் வலி இல்லாத ஆசிரியைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. சீட்டு இல்லாமல் கடையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபனோ வாங்குகிறீர்களா? அபிக்ஸபானோடு அவை சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். பல் பிடுங்கப் போனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் முன்கூட்டியே கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ தலையில் அடிபட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அபிக்ஸபானின் வேலை சுமார் பன்னிரண்டு மணி நேரம்தான் தாங்கும்; இரவு வேளை மாத்திரையை மறந்துவிடாமலிருக்க அதைச் சாப்பாட்டு மேசை மேலேயே வையுங்கள்.