கிளை நுனி ஏன் ஒடிகிறது? பலகையில் கிறிஸ்துமஸ் மரம் செய்பவருக்கு

கேள்வி: வீட்டில் ஓய்வு நேரத்தில் பலகையில் கிறிஸ்துமஸ் மரங்கள் செய்து பார்க்கிறேன். 18 மி.மீ. பைன் பலகை, ஒரு ஜிக்சா (வளைவாக அறுக்கும் கை மின்ரம்பம்), ஒரு டிரில் இருக்கின்றன. தட்டையாக வெட்டிய மரத்தில் உப்புத்தாள் தேய்க்கும்போதே கிளை நுனிகள் ஒடிந்துவிட்டன. இரண்டு துண்டுகளைக் குறுக்காகச் செருகி நிற்க வைக்கும் மரம், செருகும்போதே நடுவில் பிளந்தது. இன்னொன்று நிற்கிறது, ஆனால் ஆடுகிறது. பச்சைச் சாயம் பூசினால் ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் வெளிறிக் கிடக்கிறது. வேறு மரம் வாங்க வேண்டுமா? சரக்கு அடுக்கும் பேலட் கட்டை சரிப்படுமா? ஒடிந்தவற்றை என்ன செய்வது?

பதில்: குறுக்காகச் செருகும் வடிவத்துக்கு மட்டும் பிளைவுட் வேண்டும்; மற்றபடி வேறு மரம் வாங்க வேண்டாம். நுனி ஒடிந்தது, நடுவில் பிளந்தது, ஓரம் கறுத்தது மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் திசை.

ஒடிந்த நுனி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முறிந்த முகம் கோடு கிழித்ததுபோல் நேராக, ஓரளவு வழவழப்பாக இருக்கும். நார் அறுந்திருந்தால் சிராய் சிராயாகத் துருத்திக்கொண்டு நின்றிருக்கும். உங்கள் நுனியில் எந்த நாரும் அறவில்லை. நாருக்கும் நாருக்கும் இடையே இருந்த பிடிதான் விட்டுப்போயிருக்கிறது. விறகு பிளப்பவர் கட்டையை நிமிர்த்தி வைத்து அதன் தலையில் கோடரியைப் போடுவது இதனால்தான். நாரோடு போனால் ஒரே அடியில் பிளக்கும், குறுக்கே போட்டால் கோடரி குதித்துவிடும்.

பலகை நீளமாக இருக்கிறது, மரமும் உயரமாக இருக்கிறது. அதனால் எல்லோரும் பலகையின் நீளவாக்கிலேயே மரத்தை வரைகிறார்கள். அப்போது நார் அடியிலிருந்து உச்சிக்கு ஓடும். அடித்தண்டு உறுதியாக நிற்கும். ஆனால் பக்கவாட்டில் நீளும் கிளை நுனியில் நார் மேலிருந்து கீழாக, ஒரு விரற்கடை நீளம்கூட இல்லாமல் துண்டு துண்டாகக் கிடக்கும். நுனி கூராகக் கூராக அங்கே பிடித்துக்கொள்ள நாரே இருக்காது.

சரி, மரத்தைத் திருப்பி, ரேகை குறுக்கே ஓடும்படி வரைந்தால்? கிளைகள் உறுதியாகிவிடும். ஆனால் பலவீனம் அடித்தண்டுக்கு இடம் மாறும், 25 மி.மீ. அகலத்தில் விட்ட தண்டு ஒரு தட்டில் போய்விடும். அதற்கு வழி இருக்கிறது. தண்டைப் பலகையோடு சேர்த்து வெட்டாதீர்கள். கிளைப்பகுதியை மட்டும் குறுக்கு ரேகையில் வெட்டி, அடி விளிம்பின் நடுவில் 8 மி.மீ. துளை ஒன்றை 30 மி.மீ. ஆழத்துக்குப் போட்டு, அதில் ஓர் உருளைக் குச்சியைப் பசை வைத்து இறக்குங்கள். 18 மி.மீ. பலகையில் 8 மி.மீ. துளை போட்டால் இரு பக்கமும் 5 மி.மீ. மிஞ்சும், அது போதும். குச்சியின் நார் நீளவாக்கில் ஓடுவதால் தண்டும் உறுதி, கிளையும் உறுதி. தட்டையான மரத்துக்கு நான் எப்போதும் செய்வது இதைத்தான்.

எந்த ரேகையில் வரைந்தாலும் நுனியை ஊசிபோல் விடாதீர்கள். 10 முதல் 12 மி.மீ. அகலத்தில் லேசாக உருட்டி முடியுங்கள்; தள்ளி நின்று பார்த்தால் கூர்மையாகத்தான் தெரியும். கிளையும் கிளையும் சேரும் உள்மூலைகளில் வெட்டத் தொடங்குமுன் 8 மி.மீ. துளை ஒவ்வொன்று போட்டுவிடுங்கள். ஜிக்சா அங்கே சுலபமாகத் திரும்பும். கூரான உள்மூலையில் விரிசல் தொடங்குவதுபோல் வட்ட மூலையில் தொடங்காது.

ரேகையோடு ஒத்துப்போனால் மரம் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதற்கு ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதிக் கைவினைஞர்கள் செய்யும் சீவல் மரம் ஓர் அற்புதமான சாட்சி. லிண்டன் மரத்தில் கடைந்த சிறு துண்டை எடுத்து, உளியால் மெல்லிய சீவல்களைச் சீவுவார்கள். அறுத்து எடுத்துவிடாமல், வேர் அப்படியே ஒட்டியிருக்க, ஒவ்வொன்றையும் சுருட்டி நிறுத்துவார்கள். அடுக்கடுக்காகச் சுருண்டு நிற்கும் அந்தச் சீவல்கள்தான் கிளைகள். காகிதம்போல் மெலிந்தும் அவை ஒடியாமல் நிற்பது நார் முழு நீளத்துக்கும் ஓடுவதால்தான்.

இனி குறுக்காகச் செருகும் மரம். நேர் ரேகைப் பலகையில் மேலிருந்து கீழாகப் பள்ளம் வெட்டி, இறுக்கமான இன்னொரு பலகையை அதில் அடித்து இறக்கினால், அந்தப் பலகை கோடரியின் வேலையைச் செய்கிறது. பிளக்காமல் என்ன செய்யும்? இந்த வடிவத்துக்குப் பலகை வேண்டாம், 6 மி.மீ. பிளைவுட் எடுங்கள். அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால் ஒரே கோட்டில் பிளக்காது, கிளை நுனியும் தாங்கும். 18 மி.மீ. பலகை இங்கே ஒத்துவராததற்கு இன்னொரு காரணம் உச்சி. இரண்டில் ஒரு துண்டுக்கு மேலிருந்து பள்ளம் விழுகிறது. உச்சியில் 18 மி.மீ. பள்ளம் எடுத்தால் அங்கே மரமே மிஞ்சாது. 6 மி.மீ. பிளைவுட்டில் உச்சியை 18 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாக விட்டால், பள்ளத்துக்கு இரு பக்கமும் 6 மி.மீ. நிற்கும். தட்டை உச்சி அழகாக இல்லையே என்றால், மேலே ஒரு நட்சத்திரம் ஒட்டி மறைத்துவிடலாம்.

பள்ளத்தின் அகலத்தைப் பிளைவுட்டில் அச்சிட்ட எண்ணை நம்பிக் குறிக்காதீர்கள். 6 என்று விற்பது அளந்தால் பெரும்பாலும் சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கும். வெர்னியர் காலிப்பரால் மூன்று இடங்களில் அளந்து, அதிக அளவோடு கால் மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். கை அழுத்தத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். கொட்டாப்புளி தேவைப்பட்டால் அது இறுக்கம். இணைப்பு விழும் பட்டையில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடியுங்கள். மூன்று பூச்சு இரு முகத்திலும் ஏறினால் நீங்கள் விட்ட இடைவெளி அதிலேயே தீர்ந்துபோகும்.

ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் பள்ளத்தின் நீளம். தண்டையும் சேர்த்து மரம் 400 மி.மீ. உயரம் என்றால் ஒவ்வொரு பள்ளமும் 200 இருக்க வேண்டும். ஒன்று 198-ல் நின்றுவிட்டால் ஒரு துண்டு தரையைத் தொடாமல் தொங்கும். இரண்டையும் 201 ஆக வெட்டுங்கள். அந்த ஒரு மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, அடி மட்டமாக உட்காரும். நீளம் சரியாக இருந்தும் ஆடினால் மூலைமட்டத்தை அடியில் வைத்துப் பாருங்கள், அடி விளிம்பு சாய்ந்திருக்கும். தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, மரத்தை நிமிர்த்திப் பிடித்து நான்கு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்.

உங்களிடம் மிச்சமிருக்கும் 18 மி.மீ. பைனுக்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. தொடங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டியது அதைத்தான் என்பேன். நடுவில் ஒரு குச்சி; அதில் நீளம் குறைந்துகொண்டே போகும் ரீப்பர்கள், அதாவது குறுகிய மரச் சட்டங்கள், கோத்து, படிக்கட்டுபோல் திருப்பி விட்டது. ஒவ்வொரு கிளையிலும் நார் நுனி முதல் நுனி வரை ஓடுவதால் எதுவும் ஒடியாது. வளைவு வெட்டே இல்லை.

பலகையை ரேகையோடு 25 மி.மீ. அகல ரீப்பர்களாக அறுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 13 கிளைகள். அடிக்கிளை 300 மி.மீ., அப்புறம் ஒவ்வொன்றும் 20 குறைந்து உச்சிக்கிளை 60. இடையில் வைக்க 25 மி.மீ. சதுரத்தில் 13 வில்லைகள், அடிக்கிளைக்குக் கீழே ஒன்றையும் சேர்த்து. எல்லாம் 18 மி.மீ. கனம் என்பதால் 26 துண்டு சேர்ந்து 468 மி.மீ. உயரம் வரும். அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு உயரம் மரத்துக்கு நல்ல வாட்டம். கிளைகளுக்கு 2,340 மி.மீ., வில்லைகளுக்கு 325, ரம்பம் தின்பது போக 2.75 மீட்டர் ரீப்பர் கணக்காகிறது. ஒரு துண்டு கெட்டாலும் சமாளிக்க 3 மீட்டராக அறுத்து வையுங்கள்.

குச்சி 10 மி.மீ. பருமன், 520 மி.மீ. நீளம். அடிப்பீடத்துக்கு 150 மி.மீ. சதுரத்தில் இரண்டு துண்டை ரேகை ஒரே திசையில் வரும்படி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் 36 மி.மீ. கனம் கிடைக்கும், குச்சிக்கு நல்ல பிடி. மேலே மிஞ்சும் 16 மி.மீ. நட்சத்திரத்துக்கு.

கவனம் முழுவதும் துளையில் வையுங்கள். கிளைகளின் துளை 10.5 மி.மீ. இருக்க வேண்டும். குச்சி கடையும்போது வட்டமாக இருந்தாலும், உலர உலர மரம் ஒரு திசையில் மற்றதைவிட ஏறக்குறைய இரு மடங்கு சுருங்குவதால் லேசாக நீள்வட்டமாகிவிடும். 10-க்கு 10 துளை போட்டால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். துளை சாய்ந்தால் கிளையும் சாயும். டிரிலைக் கையில் பிடிப்பவர்கள் கனமான ஒரு கட்டையில் நேரான துளை ஒன்று போட்டு, அதையே வழிகாட்டியாக ஒவ்வொரு ரீப்பர் மேலும் வைத்துத் துளையிடலாம். கீழே ஒரு கழிவுத் துண்டு இருக்கட்டும், இல்லாவிட்டால் அடிமுகம் பிய்த்துக்கொண்டு வரும். வில்லைகளை வெட்டிவிட்டுத் துளைக்காதீர்கள். நீள ரீப்பரிலேயே துளைகளை வரிசையாகப் போட்டுவிட்டு அப்புறம் அறுங்கள். சின்னத் துண்டைக் கையில் பிடித்துத் துளைத்தால் மரமும் பிளக்கும், விரலுக்கும் ஆபத்து.

பசை அடிப்பீடத்திலும் நட்சத்திரத்திலும் மட்டும். கிளைகள் சுழலட்டும். ஒவ்வொன்றையும் கீழுள்ளதைவிட 14 பாகை திருப்பினால் 13 கிளையில் அரைச் சுற்று முடியும். ஒரு ரீப்பருக்கு இரண்டு முனை இருப்பதால் அரைச் சுற்றே முழுச் சுற்றாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் மடக்கினால் தட்டையாகிப் பெட்டிக்குள் போய்விடும். சின்ன எல்இடி விளக்குச் சரம் இதில் அழகாகச் சுற்றும். உண்மையான மெழுகுவர்த்தியை மட்டும் எந்த மரக்கிளையிலும் ஏற்றவே வேண்டாம்.

ஜிக்சா பற்றி ஒன்று. வழக்கமான பிளேடின் பற்கள் மேல்நோக்கி இருப்பதால், மேலே ஏறும்போதுதான் வெட்டும். சிராய் மேல்முகத்தில்தான் பெயரும். அதனால் வடிவத்தைப் பலகையின் பின்பக்கத்தில் வரைந்து வெட்டுங்கள். வளைவில் தள்ளி அழுத்தினால் பிளேடு அடியில் வளைந்துவிடும். மேலே கோட்டோடு போயிருக்கும், கீழே 2 மி.மீ. விலகியிருக்கும். மெதுவாக, இயந்திரம் தானாகப் போகும் வேகத்தில் விடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும், தேய்க்கும்போது தூசிக்கு முகமூடியும் கட்டாயம்.

இனி சாயம். உங்கள் மரத்தின் சரிந்த ஓரங்களில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, ஒவ்வொன்றும் வாய் திறந்த சின்னக் குழாயாக நிற்கிறது. அது சாயத்தைக் குடித்துக் கறுக்கிறது. முகப்பில் நார் படுத்திருப்பதால் அவ்வளவு குடிக்காது. முகப்பை 80, 120, 180 எண் உப்புத்தாளில் ரேகையோடு தேய்த்து நிறுத்துங்கள். ஓரங்களை 320 வரை கொண்டுபோங்கள். பொடித் தூள் குழாய் வாய்களை அடைக்கும், மெருகேறிய முகம் குறைவாக இழுக்கும். அதன்மேல், பாதிக்குப் பாதி ஸ்பிரிட் கலந்து நீர்க்கவிட்ட அரக்கு பாலிஷ் ஒரு கை. காய்ந்த பிறகு சாயம் பூசினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் வரும். முதலில் கழிவுத் துண்டில் பூசிப் பாருங்கள். பெயிண்ட் அடிப்பதானால் கணுக்கள் மேல் அரக்கு பாலிஷ் கட்டாயம், இல்லாவிட்டால் பைன் பிசின் வெளியே கசிந்து மஞ்சள் திட்டாகத் தெரியும். ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். காயக் காய அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பேலட் கட்டை பயன்படுத்தலாம், முத்திரையைப் பார்த்து. பன்னாட்டுச் சரக்குப் பேலட்டுகளில் எச்.டி. (HT) என்றிருந்தால், மரத்தின் உள்மையம் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள், எடுத்துக்கொள்ளுங்கள். எம்.பி. (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டப்பட்டது. அதையும், எண்ணெய்க் கறை படிந்ததையும் தொட வேண்டாம். ஆணி ஒன்று உள்ளே மிஞ்சியிருந்தாலும் பிளேடு போய்விடும்.

ஒடிந்த நுனிகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? நாரோடு பிரிந்த முறிவு என்பதால் இரண்டு முகமும் ஒன்றில் ஒன்று அச்சாகப் பொருந்தும். அந்த முகங்களை உப்புத்தாளில் தேய்த்துவிடாதீர்கள். வெள்ளை மரப்பசை மெல்லிதாக இரு பக்கமும் தடவி, சேர்த்து அழுத்தி, மாஸ்கிங் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள், பசை படிந்த இடத்தில் சாயம் ஏறாது. 24 மணி நேரம் தொடாதீர்கள். ஒட்டிய இடம் பக்கத்து மரத்தைவிட உறுதியாக நிற்கும். அப்புறம் நுனியை உருட்டிவிட்டு வேலையைத் தொடரலாம்.