பரமபதத்தில் யோசிக்க இடம் வேண்டுமென்றால்

வணக்கம். பகடை சொன்னபடி காயை நகர்த்துவதைத் தவிர வேறு வேலையில்லாததால், ஒன்பது வயது மகளுக்குப் பரமபதம் சலித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பகடையை இரண்டாக்குங்கள். உருட்டியவர் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். மற்றது எதிராளியின் காயை நகர்த்தட்டும்.

உங்கள் காயிலிருந்து நான்காம் கட்டத்தில் ஏணி, அவள் காயிலிருந்து இரண்டாம் கட்டத்தில் பாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் இரண்டும் விழுந்தால் கொண்டாட்டம்தான். நான்கும் ஆறும் விழுந்து, அந்த ஆறு அவளைப் பெரிய ஏணியில் ஏற்றிவிடும் என்றால்? அங்கேதான் கை தயங்கும். வேண்டிய எண் விழும் வாய்ப்பும், ஒரு பகடையில் ஆறில் ஒன்று, அதாவது 36-இல் 6 என்பதிலிருந்து, இரண்டு பகடையில் 36-இல் 11 ஆக உயர்கிறது.

இரண்டிலும் ஒரே எண் விழுந்தால் தேர்வே இல்லை. அதை அப்படியே விடுங்கள், அந்தப் படபடப்பு பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மூன்று ஆட்டமாவது ஆடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.