வீட்டாளைக் கடிக்கும் நாய்க்குக் கறிசோறா?

கேள்வி: பர்மாவில் தட்டோன் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். என் தங்கைக்கு 24 வயது. ஆறு மாதமாக விரல் மூட்டு வலி, முடி கொட்டுகிறது, கன்னத்தில் சிவப்பு. ரங்கூனில் இரத்தம் சோதித்து லூபஸ் என்றார்கள். மலேரியா மாத்திரையும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். இவை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாமே? ஏற்கெனவே இளைத்துக் கிடக்கிறாள், சத்துப் பவுடர் கொடுத்துக் கூட்டலாமா? ஜப்பான் விஞ்ஞானி ஒருவர் இதற்கு மருந்து கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கினாராமே, கிடைக்குமா? தீ மிதிப்பதாக வேறு நேர்ந்திருக்கிறாள்.

பதில்: சத்துப் பவுடர் வேண்டாம். வீட்டாளையே கடிக்கும் நாய்க்கு யாராவது கறிசோறு போட்டுத் தேற்றுவார்களா? உங்கள் தங்கைக்கு எதிர்ப்புச் சக்தி போதாமல் வந்த நோய் இல்லை இது. கிருமியைத் தாக்கவேண்டிய அணுக்கள் அவருடைய மூட்டையும் தோலையும் தாக்குகின்றன.

நீங்கள் சொல்லும் ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி. அவர் கண்டுபிடித்தது மருந்தை அல்ல, அந்த நாயை அதட்டி உட்காரவைக்கும் அணுக்களை. பிறந்து மூன்று நாளான எலிக்குஞ்சின் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால், எதிர்ப்புச் சக்தி குறைந்து எலி சோர்ந்துபோகும் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். எலியின் உடம்பு தன் உறுப்புகளையே தாக்கத் தொடங்கியது. வேறு எலியின் டி அணுக்களை, அதாவது தைமஸில் முதிரும் எதிர்ப்பு அணுக்களை, செலுத்தியதும் அந்தத் தாக்குதலைத் தடுக்க முடிந்தது. அப்படியென்றால் டி அணுக்களுக்குள்ளேயே அடக்கிவைக்கும் ஒரு கூட்டம் இருக்கவேண்டும். 1995இல் அதை அடையாளம் காட்டினார். ரொம்ப நாள் பலர் நம்பவில்லை. 2001இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டார்கள். அது பழுதானால் இந்த அடக்கும் அணுக்கள் சரியாக உருவாவதில்லை என்பது பிறகு தெளிவானது. மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு. இந்த அணுக்களைப் பெருக்கி லூபஸைத் தணிக்கும் முயற்சிகள் பரிசோதனை நிலையில்தான் இருக்கின்றன. அதைக் கையில் வைத்திருப்பதாக யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போதைக்குக் கையில் இருப்பதே நல்ல மருந்துதான். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மலேரியாவுக்கு வந்த மாத்திரை என்பதால் பலர் அதை லேசாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். லூபஸில் அஸ்திவாரமே அதுதான். எடைக்கு ஏற்ற அளவில் வருடக்கணக்கில் சாப்பிடவேண்டியிருக்கும், அதனால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தானே ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும், சட்டென்று விட்டால் ஆபத்து. அப்புறம், காய்ச்சல் வந்தால் கடையில் நாலைந்து மாத்திரையைக் கலந்து பொட்டலமாகத் தருவதை வாங்காதீர்கள். அதில் சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி மாத்திரை இருக்கலாம், அது லூபஸைக் கிளப்பிவிடுவது உண்டு. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும்.

கன்னத்துச் சிவப்பைத் தனக்கா (பர்மாவில் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) பூசி மறைத்துக்கொள்கிறாரா? காலையில் முகம் கழுவியதும் வெளிச்சத்தில் பாருங்கள். லூபஸ் சிவப்பு இரு கன்னத்திலும் படர்ந்து மூக்குத் தண்டில் சேரும். மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பை மட்டும் பெரும்பாலும் விட்டுவைக்கும். வெயில் பட்டால் தோல் மட்டுமல்ல, உள்ளே நோயும் கிளம்பலாம். தனக்கா குளிர்ச்சிக்குப் பூசட்டும், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெயிலுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. குடை, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் வேண்டும்.

தீமிதி? நெருப்பில் நடக்கும் சில நொடியை விட அதற்கு முன்னால் வெயிலில் நிற்பதும், விரதம் என்று மாத்திரையை விடுவதும்தான் என் கவலை. தோல் வெந்து புண்ணானால் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு ஆறவும் நாளாகும், சீழும் பிடிக்கும். இந்த வருடம் வேண்டாம். அம்மனிடம் தவணை கேட்கலாம், தவறில்லை.

ரங்கூனுக்கு அடிக்கடி போய்வருவது லேசில்லை என்று தெரியும். ஆனால் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் பக்கத்து ஊர் லேபிலேயே செய்துவிடலாம். லூபஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது முதலில் வலியே இருக்காது. சிறுநீர் நுரைத்துக்கொண்டே இருந்தாலோ, கால் வீங்கினாலோ, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த வாரமே ரங்கூனுக்குக் கிளம்பிவிடுங்கள்.