நியூசிலாந்துக் கோரமண்டலும் சோழர்களும்

நம் சோழமண்டலக் கடற்கரையின் ஆங்கிலப் பெயரான கோரமண்டல் என்ற பெயரில் நியூசிலாந்தில் ஒரு தீபகற்பம் இருப்பதால் சோழர்கள் அங்கே ஆண்டிருப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஆசை நியாயமானதுதான், ஆனால் இல்லை. போனது பெயர் மட்டும், அதுவும் ஒரு பிரிட்டிஷ் கப்பலில்.

1820இல் 'கோரமண்டல்' என்ற கடற்படைக் கப்பல் பாய்மரத் தண்டுகளுக்காகக் கவுரி என்ற உயரமான மரத்தைத் தேடி அங்கே நங்கூரமிட்டது. கப்பலின் பெயர் முதலில் துறைமுகத்துக்கும் பிறகு தீபகற்பத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை: 1815 வரை அந்தக் கப்பலின் பெயர் 'மலபார்'! பெயரை மாற்றாமல் விட்டிருந்தால் நீங்கள் சேரர்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அந்த நிலத்தை, மாவுய் என்ற தங்கள் புராண வீரன் பிடித்த மீனின் முள் என்ற பொருளில் அழைக்கிறார்கள். எனக்கு அதுதான் அழகாகப் படுகிறது.

மூலச்சொல் நம்முடையதுதான். சோழமண்டலம் என்பதில் உள்ள ழகரம் ஐரோப்பியர் நாவில் ரகரமாயிற்று. போர்ச்சுகீசியர் சகர ஒலிக்கு எழுதிய எழுத்துகளை மற்றவர்கள் ககரமாக வாசித்ததால் 'சோ' என்பது 'கோ' ஆனது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 'கரிமணல்' என்பதிலிருந்து வந்தது என்றும் சிலர் சொல்வார்கள். அதை நான் நம்புவதில்லை; 'மண்டலம்' அப்படியே காதில் விழுகிறதே.