மக்னீசியம் தகடு ஏன் திசைக்கு ஒரு குணம் காட்டுகிறது? (கேள்வி பதில்)

உருட்டாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது நாகர்கோவிலில் இருக்கும் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

தக்கலை, டிப்ளமா மாணவர்: சார், ஏஇசட் 31 (அலுமினியமும் துத்தநாகமும் கொஞ்சம் கலந்த மக்னீசியம்) தகட்டை நீளவாக்கில், அதாவது உருட்டிய திசையில், இழுத்தால் நல்ல பலம். அதே திசையில் அமுக்கினால் ஏறக்குறைய பாதியிலேயே இளகிவிடுகிறது. எங்கள் சோதனையில் தப்பா?

தப்பில்லை மக்களே, தகடே அப்படித்தான். மக்னீசியப் படிகம் ஓர் அறுகோணத் தூண். சாதாரண வெப்பத்தில் அதற்குச் சுலபமாக நழுவத் தெரிந்தது அடித்தளம் (தூணின் அடிமுகத்துக்கு இணையான அடுக்கு) ஒன்றில்தான். ஓணத்துக்கு வாங்கிய பப்படக் கட்டை எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளினால் சர்ரென்று நழுவும். மேலிருந்து அழுத்தினால் மெலியாது. உருளைகளுக்கு நடுவே பல தடவை போய்வந்த தகட்டில், படிகமணிகள் (தகட்டில் நிறைந்திருக்கும் சின்னச் சின்னப் படிகங்கள்) பெரும்பாலும் இந்தப் பப்படம் மாதிரியே படுத்துக் கிடக்கின்றன.

இனி நீளவாக்கில் இழுங்கள். அடித்தளம் இழுவைக்கு இணையாகக் கிடப்பதால் நழுவ வழியில்லை. மற்ற தளங்களை அசைக்க அதிக விசை வேண்டும். அமுக்கும்போது கதை வேறு: தகடு தடிக்க வேண்டும், அதாவது தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் தூணின் அச்சு நீள வேண்டும். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு, ட்வின்னிங். படிகத்தின் ஒரு பகுதி சட்டென்று 86 டிகிரி திரும்பிவிடும், படுத்திருந்த பப்படம் எழுந்து நின்ற மாதிரி. குறைந்த விசையே போதும். ஆனால் இது ஒருவழிப் பாதை. அச்சை நீட்ட உதவும், குறுக்க உதவாது.

மார்த்தாண்டம், பட்டறைக்காரர்: அண்ணாச்சி, அலுமினியம் மாதிரி மடக்கினேன், விண்டு போச்சு.

சூடாக்குங்கள். 200 முதல் 250 டிகிரியில் மற்ற தளங்களும் வேலைக்கு வரும். வளைவையும் தாராளமாக வையுங்கள். பச்சையாக மடக்கினால் உள்பக்கம் சுலபமாக நெரியும், வெளிப்பக்கம் நீளாது. நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் நடு அடுக்கு இதில் வெளிப்பக்கமாக நகரும், இரும்பில் உள்பக்கமாக. ஆகவே இரும்புக்கு வைத்திருக்கும் மடிப்புக் கணக்கைப் போட்டால் அளவு தப்பும். அப்புறம், அரத்தூளைச் சேரவிடாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் கூடவே கூடாது. உலோகத் தீக்கான தூள்தான்.

குளச்சல் வாசகர்: நீளவாக்கு பலமா, குறுக்குவாக்கா?

ஏஇசட் 31 என்றால் குறுக்குவாக்கு. பப்படங்கள் உருட்டும் திசைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பதால், நீளவாக்கில் நழுவக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது.

மணவாளக்குறிச்சி வாசகர்: இந்தக் குணத்தைக் குறைக்க முடியாதா?

முடியும், அதுவும் உங்கள் ஊர் மணலில் இருக்கிற சரக்கை வைத்தே! மோனசைட் என்ற கனிமத்தில் உள்ள சீரியம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தாலே, தகட்டைச் சூடாக்கிப் பதப்படுத்தும்போது புதிதாக முளைக்கும் மணிகள் ஒரே போக்கில் படுக்காமல் கலைந்து கிடக்கும். கால்சியமும் உதவும், எனக்கு அதுதான் பிடிக்கும், மலிவு. ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்த வகைத் தகடுகளில் சாய்வு பெரும்பாலும் குறுக்குவாக்குக்கு மாறிவிடும். குளச்சல்காரருக்குச் சொன்ன பதில் அங்கே தலைகீழ்.