நித்திரையாகக் கிடக்கும் பிள்ளையை இரவில் பாலுக்கு எழுப்ப வேண்டுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். இது எங்களுக்கு முதல் பிள்ளை, பிறந்து 9 நாள். 38 வாரத்தில் சுகப்பிரசவம். பிறந்தபோது நிறை 2.9 கிலோ, ஐந்தாம் நாள் 2.68 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா குடிக்கிறா. இரவு பத்து மணிக்குக் குடித்துவிட்டுப் படுத்தால் மூன்றரை மட்டும் அசைய மாட்டா. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுப்பச் சொல்லித்தான் வைத்தியசாலையில் இருந்து அனுப்பினார்கள். மாமியோ, "நித்திரை கொள்ளுற பிள்ளையைத் தட்டி எழுப்பக்கூடாது, பசிச்சால் தானே அழும்" என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: இப்போதைக்கு எழுப்புங்கள். மகள் பிறப்பு நிறையைத் திரும்பப் பிடித்து அதற்கு மேல் ஏறத் தொடங்கும் வரை, இரவில் இரண்டு பாலுக்கு இடையில் நான்கு மணித்தியாலம் தாண்ட விடாதீர்கள். குடித்து முடித்த நேரத்தை விட்டுவிட்டு, குடிக்கத் தொடங்கிய நேரத்தில் இருந்து எண்ணுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் 8 முதல் 12 தடவை பால் போக வேண்டும். மாமி சொல்வதும் சரிதான், ஆனால் அதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.

பசித்தால் அழும் என்பதை முதல் இரண்டு கிழமைக்கு நம்பியிருக்க முடியாது. பால் போதாத பச்சைப் பிள்ளை முதலில் சிணுங்கும், பிறகு சோர்ந்து நித்திரையாகிவிடும். வெளியில் பார்க்கிறவர்களுக்கு அது வயிறு நிறைந்த நித்திரை மாதிரியே தெரியும். கூடவே மஞ்சட்காமாலை இருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். காமாலை பிள்ளையை மந்தமாக்கும், மந்தமான பிள்ளை குறைவாகக் குடிக்கும், குறைவாகக் குடித்தால் மலம் குறையும். மலத்தோடு வெளியேற வேண்டிய பிலிருபின், அதாவது காமாலையை உண்டாக்கும் மஞ்சள் பொருள், குடலில் தங்கித் திரும்பவும் இரத்தத்தில் ஏறும். இதை உடைப்பது அடிக்கடி கொடுக்கும் பால்தான். காலை வெயிலில் பல்கனியில் காட்டுவதையோ சீனித்தண்ணீர் பருக்குவதையோ அதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும்.

உங்கள் மகளின் கணக்கைப் பார்ப்போம். ஐந்து நாளில் 220 கிராம் குறைந்திருக்கிறது, அதாவது பிறப்பு நிறையில் ஏறக்குறைய 7.6 சதவீதம். முதல் நாட்களில் இவ்வளவு குறைவது வழமைக்குள்தான். 10 சதவீதத்தைத் தொட்டிருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன். அந்த ஐந்தாம் நாளில் இருந்து நாளுக்கு 30 கிராம் ஏறினால் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நாளில் 2.9 கிலோவுக்கு வந்துவிடுவா. பதினான்காம் நாளுக்குள் வர வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நிறுக்கவில்லை என்றால் நாளைக்கே நிறுத்துப் பாருங்கள். குடும்ப நல மாது வீட்டுக்கு வரும்போது நிறுக்கச் சொல்லலாம், அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை கிளினிக்குக்குக் கொண்டு போகலாம். உடுப்பும் பம்பர்ஸும் கழற்றி, முடிந்தால் அதே தராசில் நிறுங்கள். ஈரப் பம்பர்ஸ் ஒன்றே இரண்டு மூன்று நாள் ஏற்றத்தின் அளவுக்குப் பாரம் காட்டிவிடும்.

நிறைக்கு அடுத்தபடி நப்பி. இந்த வயதில் நாளுக்குக் குறைந்தது ஆறு தடவை நன்றாக நனைய வேண்டும், மூன்று தடவையாவது மஞ்சள் மலம் போக வேண்டும். பம்பர்ஸில் ஈரம் தெரியவில்லை என்றால் புதியது ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைந்த பம்பர்ஸின் பாரம் அவ்வளவுதான்.

எழுப்புவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஆழ்ந்த நித்திரையில் கை கால் துவண்டு கிடக்கும்போது முயன்றால் உங்களுக்குத்தான் களைப்பு. மூன்று மணித்தியாலம் ஆனதில் இருந்து கவனியுங்கள்: மூடிய இமைக்குள் கண் உருளும், உதடு சப்பும், கை வாய்ப் பக்கம் போகும். அந்த நேரம் எடுத்தால் சுலபமாகக் குடிக்கும். கையுறை போட்டிருந்தால் இந்தக் கை அசைவு உங்களுக்குத் தெரியாது. கொழும்புச் சூட்டில் தொப்பி, கையுறை, காலுறை, அதற்கு மேல் துவாய் என்று பொதிந்து வைத்தால் எந்தப் பிள்ளையும் மயங்கித்தான் கிடக்கும். துவாயை அவிழ்த்து, நப்பி மாற்றி, வெறும் மேலோடு உங்கள் நெஞ்சில் படுக்க வையுங்கள். முதுகையும் உள்ளங்காலையும் தடவுங்கள். பெரிய லைட் வேண்டாம், மங்கலான வெளிச்சம் போதும். முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டாம், ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் காணும்.

நான்கு இழுவையில் திரும்ப உறங்கினால் உங்கள் மார்பை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். பால் வந்து விழுந்ததும் விழுங்கத் தொடங்கும். விழுங்குவது நின்றால் ஏவறை எடுத்து மறுபக்கம் மாற்றுங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் கையால் பிழிந்து சுத்தமான கரண்டியால் கொடுங்கள், பிள்ளை கண் திறந்து விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும். செட்டியில் சாய்ந்துகொண்டு இரவுப்பால் கொடுக்காதீர்கள். நீங்கள் கண்ணயர்ந்தால் பிள்ளை இடுக்கில் சிக்கி மூச்சு முட்டலாம்.

உங்களுக்கும் இந்த இரவுப்பால் தேவை. பாலைச் சுரக்க வைக்கும் புரோலக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும். இந்த ஆரம்ப நாட்களில் மார்பு நீண்ட நேரம் நிறைந்தே கிடந்தால் சுரப்பு குறையும், பால் கட்டிக் காய்ச்சலும் வரலாம்.

நிறை 2.9 கிலோவைத் தாண்டி, நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறிக்கொண்டிருந்தால் இரவில் எழுப்புவதை நிறுத்தலாம். நாலு, ஐந்து மணித்தியாலம் நித்திரை கொண்டால் விட்டுவிடுங்கள், 24 மணித்தியாலத்துக்குள் எட்டுத் தடவைக் கணக்கு சரியாக வந்தால் போதும். 37 வாரத்துக்கு முன் பிறந்த, 2.5 கிலோவுக்குக் குறைந்த, அல்லது தாய்க்கு நீரிழிவு இருந்த பிள்ளைகளுக்கு இந்தத் தளர்வு கிடையாது. சீனி அளவு இறங்கும் அபாயம் இருப்பதால் மூன்று மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, எப்போது நிறுத்துவது என்பதை அவர்களைப் பார்க்கும் வைத்தியர் சொல்ல வேண்டும்.

எவ்வளவு எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடந்தால், அடுத்தடுத்து இரண்டு தடவை பால் மறுத்தால், எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினால், காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், உடம்பு குளிர்ந்து போனால், மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இரவு பகலாகத் திறந்திருக்கிறது. வாகனம் இல்லை என்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.