நோவாவின் மேல் போட்ட போர்வை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியை. வயது 46. திருமணம் ஆகவில்லை. என் அப்பா எங்கள் சபையில் 38 வருடம் உபதேசியாராக இருந்தவர். இப்போது அவருக்கு 79 வயது. சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. அம்மா இல்லை. தம்பி வளைகுடாவில் இருக்கிறான். குளிப்பாட்டுவது, துடைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் நான்தான்.

முதல் நாள் நான் அவருடைய சாரத்தை (கைலியை) அவிழ்த்தபோது அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். இப்போது அழுவதில்லை. ஆனால் முகத்தை இன்றும் திருப்பிக்கொள்கிறார். போன மாதம் ஜெபிக்க வந்த உறவினர் ஒருவர், சபையில் மூப்பர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தகப்பனுடைய நிர்வாணத்தை மகள் பார்க்கலாமா? காம் வாங்கின சாபம் தெரியும்தானே? லேவியராகமம் 18 வாசித்துப் பார்” என்றார். வாசித்தேன். அன்றிலிருந்து அப்பாவைத் தொடும்போது கை நடுங்குகிறது.

நான் பாவம் செய்கிறேனா? சொந்த உடம்பைப் பார்த்தே வெட்கப்படும்படி தேவன் நம்மை ஏன் வைத்தார்? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. நீங்கள் பாவம் செய்யவில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மூப்பர் காட்டிய இரண்டு இடங்களுமே அவர் சொன்னதைச் சொல்லவில்லை.

லேவியராகமத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 18ஆம் அதிகாரம் யாரோடு உடலுறவு கூடாது என்ற பட்டியல். தாய், சகோதரி, பேத்தி, அத்தை, மருமகள் என்று வரிசையாகப் போகிறது. ‘நிர்வாணமாக்குதல்’ என்பது அங்கே உடலுறவைக் குறிக்கும் எபிரெய வழக்கு. நோயாளியைக் குளிப்பாட்டுவது பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு சொல்கூட இல்லை. அதை எடுத்துவந்து உங்கள் வாளித் தண்ணீருக்கு எதிரே நிறுத்தியது அநியாயம்.

நோவாவிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆதியாகமம் 9. நோவா திராட்சரசம் குடித்து, வெறித்து, தன் கூடாரத்துக்குள் வஸ்திரம் விலகிக் கிடக்கிறார். காம் “தன் தகப்பனுடைய நிர்வாணத்தைக் கண்டு, வெளியில் இருந்த தன் சகோதரர் இருவருக்கும் அறிவித்தான்.” கண்டான், அறிவித்தான் என்று இரண்டு வினைகள். நம் ஆட்கள் முதல் வினையையே பிடித்துக்கொள்கிறார்கள். கூடாரத்துக்குள் நுழைந்த எவன் கண்ணிலும் அது பட்டிருக்கும். பட்டபின் அவன் என்ன செய்தான்? மூடவில்லை. வெளியே போய்ச் சொன்னான். அண்ணன் தம்பிமாரான சேமும் யாப்பேத்தும் ஒரு வஸ்திரத்தை எடுத்துத் தோள்மேல் போட்டுக்கொண்டு, பின்னிட்டு நடந்து வந்து தகப்பனை மூடினார்கள். காம் அப்பாவின் நிலையைச் செய்தியாக்கினான், மற்ற இருவரும் துணி கொண்டுவந்தார்கள். இத்தனைக்கும் கதையில் சாபம் விழுவது காமின் மேல் இல்லை, அவன் மகன் கானானின் மேல். அதைச் சொன்னதும் தேவன் இல்லை, வெறி தெளிந்து எழுந்த நோவா.

“ஆனால் சேம் பார்க்கவில்லையே” என்று மூப்பர் மறுபடி கேட்பார். சரிதான், பார்க்கவில்லை. போர்வை போடுவதற்குப் பின்னிட்டு நடந்தால் போதும். படுக்கையில் கிடப்பவரின் முதுகைக் கழுவுவதற்குப் போதாது. கூடாரத்தில் கிடந்தவருக்குத் தேவைப்பட்டது போர்வை, அதைக் கொண்டுவந்தார்கள். உங்கள் அப்பாவுக்குத் தண்ணீரும் போர்வையும் தேவை, இரண்டையும் நீங்கள் கொண்டுவருகிறீர்கள். சேம் இருந்த பக்கத்தில்தான் நீங்களும் இருக்கிறீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி பெரியது. வெட்கத்தைத் தேவன் வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. “ஆதாமும் அவன் மனைவியுமாகிய இருவரும் நிர்வாணிகளாயிருந்தும், வெட்கப்படாதிருந்தார்கள்.” அவர் உண்டாக்கிய நிலை அது. பழம் தின்றபின் அவர்களாகவே அத்தியிலைகளைத் தைத்தார்கள், மரங்களுக்குள் ஒளிந்தார்கள். நான் நிர்வாணியாயிருப்பதினால் பயந்தேன் என்று ஆதாம் சொன்னபோது, ‘ஆமாம், அசிங்கம்’ என்று அவர் சொல்லவில்லை. “நீ நிர்வாணி என்று உனக்கு அறிவித்தவன் யார்?” என்று கேட்டார். நோவாவின் கதையில் காம் செய்ததும் இதே ‘அறிவித்தல்’தான். தமிழில் மட்டுமில்லை, எபிரெயத்திலும் இரண்டு இடங்களிலும் ஒரே வினைச்சொல். பல வருடம் வாசித்தும் என் கண்ணில் படாமல் இருந்தது இது. உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உங்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒருவர் ‘அறிவித்தாரே’, அதற்கு முன் உங்கள் கை நடுங்கவில்லை.

அப்புறம் அதே ஆதியாகமம் 3இன் 21ஆம் வசனம். முள்ளும் குருக்கும், வியர்வையும் மண்ணும் எல்லாம் தீர்ப்பாகச் சொல்லியாயிற்று. தோட்டத்தை விட்டு வெளியே அனுப்புவதற்கு முன்னால் “தேவனாகிய கர்த்தர் ஆதாமுக்கும் அவன் மனைவிக்கும் தோல் உடைகளை உண்டாக்கி அவர்களுக்கு உடுத்தினார்.” கொடுத்தார் என்றுகூட இல்லை, உடுத்தினார். ஒரு பிள்ளைக்குச் சட்டை போட்டுவிடுவதுபோல அவர்கள் உடம்பைத் தொட்டு, கையைத் தூக்கி, உடுத்திவிடுகிறார். தினமும் உங்கள் அப்பாவுக்குச் சாரம் சுற்றிவிடும்போது நீங்கள் செய்வதும் இதுதான்.

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிரான்காச்சி சிற்றாலயச் சுவரில் 1420களில் மசாச்சோ வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. ஆதாமும் ஏவாளும் தோட்டத்தை விட்டு வெளியேறுகிறார்கள். ஏவாள் தன் உடம்பை மறைக்கிறாள். ஆதாம் உடம்பை மறைக்கவே இல்லை, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நடக்கிறான். பிற்காலத்தில் யாரோ பக்திமான்கள் இருவருக்கும் இடுப்பில் இலை வரைந்துவிட்டார்கள். 1980களில் ஓவியத்தைச் சுத்தம் செய்தபோது இலைகளை எடுத்துவிட்டார்கள். ஆதாமின் கை முகத்தில்தான் இருக்கிறது. உங்கள் அப்பா சுவர்ப் பக்கம் திரும்புகிறார் என்று வாசித்ததும் எனக்கு இந்த ஆதாம்தான் நினைவுக்கு வந்தான்.

அப்பாவின் வெட்கத்தையும் நாம் சும்மா தள்ளிவிடக்கூடாது. 5ஆம் நூற்றாண்டு ஆயர் அகஸ்டின் தன் ‘கடவுளின் நகரம்’ நூலின் 14ஆம் பகுதியில் வெட்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறார். மனிதன் தேவனுக்குக் கீழ்ப்படியாமல் போனான், அதனால் அவனுடைய உடம்பும் அவனுக்குக் கீழ்ப்படியாமல் போயிற்று, அந்தக் கீழ்ப்படியாமைதான் வெட்கமாக வெளியே வருகிறது என்கிறார். அவர் பேசுவது காம இச்சையைப் பற்றி. அந்த விஷயத்தில் அவர் உடம்பின்மேல் காட்டிய சந்தேகம் சபைக்கு நல்லது செய்யவில்லை என்பது என் எண்ணம். ஆனால் சொன்ன உடம்பு கேட்காமல் போவதன் அவமானத்தை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார். 38 வருடம் பிரசங்கபீடத்தில் நின்ற மனிதருக்குத் தன் வலது கை பேச்சைக் கேட்கவில்லை, சிறுநீர் பேச்சைக் கேட்கவில்லை. அவர் சுவரைப் பார்க்காமல் என்ன செய்வார்?

ஆதிச் சபை இதில் நம்மைவிட நிதானமாக இருந்திருக்கிறது. அந்நாளில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் ஆடை முழுவதும் களைந்துதான் தண்ணீருக்குள் இறங்கினார்கள். 4ஆம் நூற்றாண்டு எருசலேமில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குச் சொன்ன உபதேசம், ஆயர் சிரிலின் பெயரில் வருவது, அதை நினைவுபடுத்துகிறது: எல்லார் கண்முன்னும் நிர்வாணமாயிருந்தும் நீங்கள் வெட்கப்படவில்லை, தோட்டத்தில் இருந்த ஆதாமைப்போல இருந்தீர்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டில் சிரியாவிலிருந்து வந்த சபை ஒழுங்குநூல் ஒன்று, தண்ணீரில் இறங்கும் பெண்களுக்கு உடம்பில் எண்ணெய் பூசுவதைப் பெண் உதவிக்காரிகளே செய்யவேண்டும் என்கிறது. வெட்கப்படத் தேவையில்லை என்று சொன்ன அதே சபைகள்தான், வெட்கப்படுகிறவருக்காக ஏற்பாடும் செய்தன.

உங்கள் மாவட்டத்துச் சபைகளுக்கு இது பழைய விஷயமும்கூட. திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் பெண்கள் மேல்சாதியார்முன் மார்பை மூடக்கூடாது. திறந்திருப்பது மரியாதை என்றார்கள். கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், 1810களில், கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. மிஷனரிகளுக்கு இது அடக்கத்தைப் பற்றிய கேள்வி. குப்பாயம் உடம்பை நன்றாகவே மூடும், அவர்கள் திருப்திப்பட்டார்கள். பெண்கள் திருப்திப்படவில்லை. மேல்சாதிப் பெண்கள் போடும் அதே தோள்சீலை வேண்டும் என்று நின்றார்கள். அதற்காக மேல்சாதியார் சந்தையில் அவர்கள் சீலையைக் கிழித்தார்கள், சபைகளின் ஜெபாலயங்களையும் பள்ளிகளையும் எரித்தார்கள். 1859 ஜூலை அறிக்கையில்கூட மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதியார்போல வேண்டாம் என்றுதான் மகாராஜா இறங்கிவந்தார். அந்தப் பெண்கள் தங்கள் உடம்பை அசிங்கம் என்று நினைத்து அத்தனை அடி வாங்கவில்லை. அவர்களைத் திறந்துவைக்க இன்னொருவனுக்கு உரிமை இருந்ததே, அதுதான் அவமானம். உங்கள் சபையில் யாராவது தோள்சீலை வரலாறு பேசினால் மூப்பரும் கைதட்டுவார் என்று நினைக்கிறேன். அதே கண்ணோடு அவர் உங்கள் அப்பாவின் கட்டிலையும் பார்க்கலாம்.

என் அப்பா கடைசியாகக் கிடந்த மருத்துவமனையில் ஒரு காலை நடந்தது. பொது வார்டு. திரை இருந்தது, இழுக்கவில்லை. ஊழியர் ஒருவர் வந்து போர்வையை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு, குழாயைச் சரிபார்த்துக்கொண்டே பக்கத்துக் கட்டிலில் நின்றவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்தார். போர்வையை எடுத்துப் போட எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. பதினோரு வருடம் ஆகிறது, அந்த அரை நிமிடம் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி நடைமுறை. நல்ல செவிலியர்கள் படுக்கையில் இருப்பவரை ஒருபோதும் முழுதாகத் திறந்துவைக்க மாட்டார்கள். உடம்பு முழுக்க ஒரு போர்வையைப் போட்டு, துடைக்கும் பகுதியை மட்டும் விலக்கி, துடைத்து, ஈரம் ஒற்றி, மூடிவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். கை, மார்பு, கால், முதுகு என்று ஒவ்வொன்றாக. அடுத்து எதைத் தொடப்போகிறீர்கள் என்று முன்னாலேயே அவரிடம் சொல்லுங்கள். இடது கை நன்றாக இருக்கிறது அல்லவா? அந்தரங்கப் பகுதியை அவரே துடைத்துக்கொள்ளும்படி நனைத்த துணியை அந்தக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஒரு நிமிடம் திரும்பி நில்லுங்கள். சரியாகச் சுத்தமாகாவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் தம்பி முறையில் யாராவது வாரத்தில் இரண்டு நாள் வந்து செய்ய முடியுமா, அது அவருக்கு வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும். ஜெபிக்க வருகிறவர்கள்முன் டயப்பர், மலம் பற்றிப் பேச வேண்டாம். அவர்களாகக் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. கால் கழுவும் இடத்தைப் பெரிய வியாழன்தோறும் உங்கள் அப்பா எத்தனையோ முறை வாசித்திருப்பார். யோவான் 13. இயேசு தம் வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, ஒரு சீலையை அரையில் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவ வருகிறார். பேதுருவால் தாங்க முடியவில்லை. நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவக்கூடாது என்கிறார். கழுவிக்கொள்ள அத்தனை வெட்கம் அந்த மனிதருக்கு. உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று கேட்டபிறகுதான் காலை நீட்டினார். அதே பேதுருதான் 21ஆம் அதிகாரத்தில் வெற்றுடம்போடு மீன் பிடித்துக்கொண்டிருந்து, கரையில் நிற்பவர் கர்த்தர் என்று தெரிந்ததும் மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து கரையில் அவரிடம் சொல்லப்படுகிறது: இளவயதில் நீயே அரைகட்டிக்கொண்டு இஷ்டப்பட்ட இடத்துக்குப் போனாய், முதிர்வயதில் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான். அது பேதுருவின் மரணத்தைக் குறித்துச் சொன்னது என்று யோவானே எழுதுகிறார். உங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. வார்த்தையைத் தொடர்ந்து, “என்னைப் பின்பற்றி வா” என்று கர்த்தர் சொல்கிறார். கைநீட்டிக் கிடக்கும் அந்த நிலைக்கும் சேர்த்துத்தான் அந்த அழைப்பு.

இதையெல்லாம் நீங்கள் அவருக்கு விளக்க வேண்டாம். உபதேசியாருக்கு வேதம் சொல்லிக்கொடுக்க நாம் யார்? நாளைக்குத் துவர்த்தும் (துண்டும்) வாளியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்ததும், “அப்பா, பேதுரு ஏன் காலைக் கழுவ விடவில்லை?” என்று கேளுங்கள். பேச்சு குழறட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் அவரே சொல்லி முடிக்கட்டும். தண்ணீர் ஆறிப்போனால் இன்னொரு வாளி வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.